அப்பாயியின் இசைத்தட்டுப் பெட்டி

பதுளை மாவட்டத் தோட்டங்களில் மண்சரிவு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும்போது நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பதுண்டு. "நடுச்சாமம். மழை கொட்டுகிறது. மேட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது, ஐந்து நிமிடத்தில் லயத்தை விட்டு இறங்க வேண்டும் என்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள்?"

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எவரும் மறக்கவில்லை. அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினாலே மேட்டு லயத்துப் பெண்கள் சரியாகத் தூங்குவதில்லை.

பசறைக்கு மேலே உள்ள நான் பிறந்த தோட்டத்திலேயே ஒரு முறை அந்தக் கூட்டம் நடந்தது. கோயில் மண்டபத்தில் ஐம்பது பெண்கள் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். கடதாசி, பிள்ளையின் ஓ.எல். பெறுபேறு, அடகுச் சீட்டு. எல்லாம் சரியான பதில்கள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். கடைசி வரிசையில் தூணில் சாய்ந்திருந்த என் அப்பாயி கையைத் தூக்கினார்.

"ரெக்காட்டுப் பொட்டி."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். "அப்பாயி, உயிர் தப்பணும்னா பாரமான சாமான் தூக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. கரும்பலகையில் நான் அதை எழுதவுமில்லை.

அன்று மாலை லயத்துக்குப் போனபோது, அந்தச் சிரிப்பு சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால், எங்கள் காம்பராவில் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த அந்தப் பெட்டியை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

பெட்டி தாத்தாவுடையது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தாத்தா தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். 1960களில் கடன் வாங்கி ஓர் அம்பிளிபயரும், இரண்டு குழாய் ஸ்பீக்கரும், இசைத்தட்டு போடும் மெஷினும் வாங்கினார். லயங்களில் அப்போது மின்சாரம் இல்லை. கார் பற்றறியைப் பதுளை டவுனில் சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்து, தலைச்சுமையாக மலையேற்றி, கலியாண வீடு, சடங்கு வீடு, மாரியம்மன் திருவிழா எங்கும் பாட்டுப் போட்டார். மரக்கிளையில் குழாயைக் கட்டினால் அடுத்த தோட்டத்துக்கும் பாட்டுக் கேட்கும். மெஷின் பெட்டியில் சிவப்பு மையில் தாத்தாவின் பெயரும், அதன் கீழே 'சவுண்ட் சர்விஸ்' என்றும் எழுதியிருந்தது. ஊருக்குத் தெரிந்தது அந்தப் பெயர்தான்.

பெட்டிக்குள் இருந்தவற்றை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது அன்று மாலை அப்பாயி பெட்டியைத் திறந்து காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

அது பழைய தேயிலைப் பெட்டி. தேயிலையைக் கடதாசிச் சாக்குகளில் அனுப்பத் தொடங்குவதற்கு முன் கொழும்புக்கு அனுப்பிய ஒட்டுப்பலகைப் பெட்டி. தேயிலையில் ஈரம் ஏறாமலிருக்க உள்பக்கம் முழுவதும் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். உடைந்ததென்று ஸ்டோரில் கழித்துப் போட்டதைத் தாத்தா கேட்டு வாங்கி வந்தாராம். இசைத்தட்டுகளை அதில் வைக்கலாம் என்று சொன்னது அப்பாயி.

"தேத்தூளுக்கு எது ஆகாதோ அது ரெக்காட்டுக்கும் ஆகாது தாயி" என்றார். "ஈரம் ஆகாது. சூடு ஆகாது. ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அமுக்கக் கூடாது."

தாத்தா பெட்டியை அடுப்புக்கு மேலே பரணில் வைக்கச் சொன்னாராம். விறகு காய்கிற இடம், ஈரம் அண்டாது என்பது அவருடைய நியாயம். சூடு பட்டால் தட்டு வளைந்துவிடும், கரி படியும் என்பது அப்பாயியின் வாதம். கடைசியில் அப்பாயி கண்டுபிடித்த இடம்தான் நிலைத்தது. அடுப்பிருக்கும் சுவருக்கு மறுபக்கம், முன் காம்பராவில், செங்கல்லின் மேல் பலகை போட்டு, சுவரில் ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுப் பெட்டியை வைத்தார். அடுப்பெரியும்போது அந்தச் சுவர் இலேசாகக் காய்ந்திருக்கும், சுடாது. மலைநாட்டு மூட்டத்திலும் நசநசப்பிலும் துணிமணிகூடப் பூத்துப் போகிற வீட்டில் அந்த ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தது. வீட்டில் எந்தச் சுவர் எப்போது காயும் என்பது அடுப்படியில் நின்றவருக்குத்தானே தெரியும்.

தட்டுகள் எல்லாம் புத்தகம் அடுக்கியதுபோல நிமிர்ந்து நின்றன. சாயாமலிருக்க நடுவில் இரண்டு பலகைத் தடுப்புகள். கம்பனி கொடுத்த கடதாசி உறைகள் என்றைக்கோ இற்றுப்போய்விட்டன. தாத்தாவின் பழைய வேட்டிகளைத் துவைத்து, வெட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் கையால் உறை தைத்திருந்தார். உறையின் மூலைகளில் நூல் முடிச்சுகள் இருந்தன. ஒரு முடிச்சென்றால் கலியாணப் பாட்டு. இரண்டு முடிச்சு சாமிப் பாட்டு. மூன்று முடிச்சு சடங்கு வீட்டுப் பாட்டு. அப்பாயிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பத்து வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவர். இருட்டில், திருவிழாக் கூட்டத்தில், தாத்தா கையை நீட்டினால் விரலால் தடவியே சரியான தட்டை எடுத்துக் கொடுப்பாராம்.

தட்டை எடுத்த விதமும் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது. விரல் நுனியால் தொடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்பில் கொடுத்து, நெஞ்சுக்கு நேரே பிடித்தார். "கொழுந்துக் கறை புடிச்ச வெரலு, வெடிப்பு வேற. வரியில பட்டா ரெக்காட்டு கெட்டுப் போகும்." நூலகங்களில் இசைத்தட்டைக் கையாளும் முறையும் இதுவேதான். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை வரிகளில் படிந்தால் அதில் தூசு ஒட்டும், ஒட்டிய தூசை ஊசி உழுதுகொண்டு போகும்போது வரி தேயும், பாட்டு கரகரக்கும்.

எட்டு மணித்தியாலம் மலையில் நின்று கொழுந்தெடுத்து, பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, அதன் பிறகு குப்பி லாம்பு வெளிச்சத்தில் தட்டுத் துடைத்தவர் அவர். ஒரு கலியாணத்துக்குத் தாத்தாவுக்குக் கிடைத்த கூலியில் இந்த வேலைக்கென்று ஒரு சதம் பிரிக்கப்பட்டதில்லை. அதை வேலை என்று அவரும் நினைக்கவில்லை.

பெட்டிக்குச் சோதனைகளும் வந்தன. 1974 இல் தோட்டங்களில் பட்டினி வந்தபோது இரண்டு டசின் தட்டுகளைத் தாத்தா டவுனில் விற்று, மாவும் மரவள்ளியும் வாங்கி வந்தார். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது, பழுது பார்க்கக் கொடுத்திருந்த அம்பிளிபயரும் மெஷினும் கடையோடு சேர்ந்து எரிந்தன. அதற்குள் கசெற்றும் வந்துவிட்டது. அத்துடன் சவுண்ட் சர்விஸ் முடிந்தது. தாத்தா காலமாகியும் இருபது வருடங்களுக்கு மேலாகிறது.

மெஷின் இல்லாத வீட்டில் நாற்பது வருடங்களாக அப்பாயி வருடத்துக்கு இரண்டு முறை, தைப்பொங்கலுக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும், அத்தனை தட்டுகளையும் எடுத்துத் துடைத்து வைத்து வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். ஒரு தட்டை உருவி என் கையில் கொடுத்தார். அதன் உறையில் முடிச்சே இல்லை.

அது பத்து அங்குலக் கறுப்புத் தட்டு. 1953 இல் வெளிவந்த 'ஒளவையார்' படப்பாட்டு. பாடியவர் கே.பி.சுந்தராம்பாள். 1920களில் நாடகம் நடிக்க இலங்கைக்கும் வந்து, இங்குள்ள மக்களுக்கு நன்கு அறிமுகமானவர் அவர். அந்தத் தட்டு அப்பாயியினதல்ல, அவருடைய தங்கையினது. தங்கையின் கலியாணத்துக்கு அவர்களுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது.

1964 ஒக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி வாசகிகள் அறிவீர்கள். ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று இரண்டு அரசாங்கங்கள் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே வீட்டில் பிறந்த அக்காவும் தங்கையும் இரண்டு கணக்கில் விழுந்தார்கள். தங்கையின் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற கோச்சியை எங்கள் சனம் 'அழுகைக் கோச்சி' என்று சொல்வது சும்மா அல்ல. பதுளை ஸ்டேஷனில் தங்கை அந்தத் தட்டை அப்பாயியின் மடியில் வைத்துவிட்டு, "வழியில ஒடஞ்சிரும்க்கா. நீயே வச்சிரு. அடுத்த வாட்டி வந்து வாங்கிக்கிறேன்" என்றாராம்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. சின்ன அப்பாயி நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக ஏற்பட்ட அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தார். போர் தொடங்கியதும் கப்பல் நின்றது. கடிதங்களும் குறைந்தன. அவர் இறந்த செய்திகூட இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

"வாங்கிக்கிறேன்னு சொன்னவளுக்கு நல்லபடியா குடுக்கணும்ல" என்றார் அப்பாயி. இறந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல அவர் பேசவில்லை.

அந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். பதுளையில் ஒரு பழைய றேடியோ திருத்துநரைப் பிடித்து, பாவித்த மெஷின் ஒன்றை வாங்கினேன். அதோடு நிற்காமல், தட்டுகளை 'முறைப்படி' சுத்தம் செய்யவும் இறங்கினேன். காய்ச்சி வடித்த தண்ணீரோடு ஸ்பிரிட் கலந்து துடைக்கலாம் என்று எங்கோ வாசித்திருந்தேன். பாமசியில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு எல்.பி. தட்டுகளைத் துடைத்தேன். பளபளவென்று வந்தன. பெருமையாக இருந்தது. வேட்டித்துணியும் வெறும் கையும் செய்யாததை நான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு சின்ன அப்பாயியின் தட்டை எடுத்தேன். விசேஷமான தட்டு என்பதால் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே நனைத்து விளிம்பிலிருந்து துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். பஞ்சின் நார் தட்டில் ஒட்டியது. கையை எடுத்துப் பார்த்தபோது, விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு மினுக்கம் போய், சாம்பல் படிந்ததுபோல மங்கியிருந்தது.

நான் அழித்தது அழுக்கை அல்ல, வரிகளை.

அப்பாயி உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னால் கூப்பிட முடியவில்லை. அவராகவே வெளியே வந்து பார்த்தார். தட்டை உள்ளங்கைகளில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்ல தாயி" என்று மட்டும் சொன்னார்.

என் தொழிலில் எத்தனையோ இடங்களில் என்னிடம் சொல்லப்பட்டிருக்க வேண்டிய வாக்கியம் அது. லயத்துப் பெண்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்காமலே, கையில் ஒரு கையேட்டோடு போய் நின்ற நாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

வானொலியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோதுதான் என் பிழை விளங்கியது. 'இசைத்தட்டு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு பொருட்கள். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்தவை. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பாட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மேசைக்குப் பூசும் பொலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து எடுப்பதுதானே. 1948 இல் அமெரிக்காவில் வெளிவந்த எல்.பி. தட்டுகளும், மறு வருடம் வந்த 45 சுற்றுச் சிறிய தட்டுகளும் வினைல் என்ற பிளாஸ்டிக்கினால் ஆனவை. அவை ஸ்பிரிட்டில் கரையமாட்டா. ஒன்றுக்குச் சரியான மருந்து மற்றதற்கு நஞ்சு.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இலங்கையில் வானொலி தொடங்கியதே இசைத்தட்டோடுதான். 1924 இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றைச் செய்து, கிராமபோன் இசையைக் கொழும்பில் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பின்னாளில் ரேடியோ சிலோன் சேர்த்து வைத்த இசைத்தட்டுக் களஞ்சியம் தென்னாசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. "அங்கே தட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. உங்கள் அப்பாயி அந்த வேலையைத் தனியாகச் செய்திருக்கிறார்" என்றார்.

மெஷினில் 78 தட்டுக்குரிய தடித்த ஊசியை மாட்டி ஒரு மாலையில் அந்தத் தட்டைப் போட்டோம். எல்.பி. தட்டின் ஊசி மெல்லியது. அகலமான பழைய வரியில் அது அடியில் விழுந்து இரையும். முதலில் நெடுநேரம் வெறும் இரைச்சல். மழை கூரைத் தகரத்தில் விழுவது போன்ற சத்தம். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு, பாட்டின் நடுவிலிருந்து, திடீரென்று கே.பி.எஸ்.ஸின் குரல் எழுந்தது. நான் அழித்தது முதல் பகுதியைத்தான். மீதிப் பாட்டு இருந்தது. அப்பாயி கண்ணை மூடிக்கொண்டு, இரைச்சல் ஓடிய நேரம் முழுவதும் உதடசைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இல்லாமல் போன வரிகளை அவர் மனதுக்குள் பாடி முடித்துச் சரியாகக் குரலோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

அடுத்த வருடம் மார்கழியில் ஐந்து நாள் அடைமழை. லயத்துக்கு மேலே வெடிப்பு கண்டுவிட்டது. இரவோடிரவாகக் கீழேயுள்ள பாடசாலைக் கட்டடத்துக்கு எல்லோரையும் இறக்கினார்கள். நான் பதுளையிலிருந்து போய்ச் சேர விடிந்துவிட்டது. அப்பாயி என்ன செய்தாரோ, பெட்டியைத் தூக்கப் போய் விழுந்தாரோ என்ற பயத்தோடுதான் பாடசாலை வாசலில் ஏறினேன்.

அவர் வகுப்பறை மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொலித்தீன் பையில் அடையாள அட்டையும் கடதாசிகளும் இருந்தன. நான் கூட்டத்தில் சொன்னபடியே சுற்றிக் கட்டியிருந்தார். மடியில், பழைய சேலையில் சுற்றிய ஒரேயொரு தட்டு. முடிச்சில்லாத உறை. என்னால் பழுதான அந்தத் தட்டுத்தான்.

"பொட்டி இருபத்தஞ்சு கிலோ இருக்கும். அத தூக்கினா நீ ஏசுவ" என்றார். "மத்தது எல்லாம் போனா நம்ம சாமான் போச்சுன்னு இருக்கலாம். இது அடுத்தவ சாமான்."

லயம் அந்த மழைக்குச் சரியவில்லை. ஒன்பது நாள் கழித்துத் திரும்பினார்கள். பெட்டி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால், இனி அங்கு வைப்பதில்லை என்று குடும்பமாகக் கூடிக் கதைத்து முடிவெடுத்தோம். கொழும்பில் இவற்றுக்கு நல்ல விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் சித்தப்பா. அவர் சொன்னதிலும் பிழையில்லை. வீட்டுக் கூரைக்குப் பணம் தேவைப்பட்டது. "கேட்கணும்னா அம்மாகிட்ட கேளுங்க" என்றார் என் அம்மா, மாமியாரைக் காட்டி. அந்தப் பெட்டி சம்பந்தமாக முடிவெடுக்கும்படி யாரும் அப்பாயியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு நாள் யோசித்தார். இரட்டையாக உள்ள தட்டுகள் ஒன்பதை விற்கலாம் என்றார். மிச்சம் பதுளையில் என் வீட்டில் இருக்கட்டும். ஆனால், அடுப்புச் சுவரைப் பார்த்து வைக்க வேண்டும் என்றார். என் வீட்டில் காஸ் அடுப்பு, சுவர் காயாது என்று விளக்கி, நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றோட்டமான உள்சுவர்ப் பக்கம் வைக்கச் சம்மதம் வாங்கினேன்.

கொண்டுபோகுமுன் இருவரும் உட்கார்ந்து பட்டியல் எழுதினோம். விற்றது போக 134 தட்டுகள். அரக்குத் தட்டு 36, சிறிய தட்டு 57, எல்.பி. 41. பாட்டு, பாடியவர், வாங்கிய இடம், பழுது என்று கட்டம் போட்டேன். முடிச்சுக்கும் ஒரு கட்டம் போட்டேன். எந்தத் தட்டு யார் கலியாணத்தில் போட்டது, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்றெல்லாம் அப்பாயி சொல்லச் சொல்ல, அந்தக் கட்டம் போதாமல் கொப்பியின் மறுபக்கத்துக்கும் எழுதினேன். கடைசியில் 'பராமரித்தவர்' என்று ஒரு கட்டம் போட்டு அவர் பெயரை எழுதி, வாசித்துக் காட்டினேன்.

இந்திய இசைத்தட்டின் வரலாற்றில் கௌஹர் ஜான் என்ற பாடகி முக்கியமானவர். 1902 இல் கல்கத்தாவில் அவர் பாடிய பாட்டுகள் ஒலிப்பதிவாகின. அப்போது தட்டுகள் ஜெர்மனியில்தான் அச்சாகும். அங்குள்ளவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிவதற்காகப் பாட்டின் முடிவில் அவர் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். அந்தக் குரல் இன்றும் தட்டில் இருக்கிறது. பாடிய பெண்ணுக்குத் தன் பெயரைச் சொல்ல அப்படியொரு வாய்ப்புக் கிடைத்தது. துடைத்து வைத்த பெண்ணுக்கு அது இல்லை.

வாசகிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படித் தட்டுகள் இருக்கக்கூடும். இருந்தால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில் அரக்கா, வினைலா என்று பாருங்கள். கனமாக, வளையாமல், நடுத்தாளில் 78 என்றிருந்தால் அரக்கு. விழுந்தால் ஓடுபோல உடையும். அதில் ஸ்பிரிட் ஒரு துளியும் படக்கூடாது. எந்தத் தட்டானாலும் முதலில் மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டுங்கள். பூஞ்சணம் பூத்திருந்தால் வாசலில் வைத்து, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு துடையுங்கள். பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு விட்டு, மெல்லிய துணியைப் பிழிந்து, வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு தடவை ஒற்றி எடுங்கள். நடுத்தாள் நனையக் கூடாது. நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள்; வெயிலில் வைத்தால் வளையும். பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். படுக்கையாக அடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இவ்வளவு காலம் அதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று விசாரித்து, அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயரைப் போடட்டுமா என்று அப்பாயியிடம் கேட்டேன். "பத்திரிகையில எல்லாம் வேணாம் தாயி. பொட்டியில எழுதிட்டியே, அது போதும்" என்றார். பெயர் எழுதிய அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊசி நூல் கொண்டுவரச் சொன்னார். அட்டையின் மூலையில் துளையிட்டு நாலு முடிச்சுப் போட்டார். எழுத்துத் தெரியாத ஒருத்தி எடுத்துப் பார்த்தாலும் விளங்க வேண்டுமாம்.